தமிழ் அலமாரியும் என் மாமனாரும்

எங்கள் ஊர் நூலகத்தின் வெளிச்சுவரில் இப்போது ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. ஒரு பக்கம் டெக்சஸின் நீலப்பூக்கள், மறுபக்கம் ஒரு மயில், நடுவில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து புத்தகம் படிக்கிற சில பேர். ஓவியத்துக்குக் கீழே பித்தளைத் தகடு. அதில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரின் பெயர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருக்கிறது, ஓவியம் வரைந்த பெண்ணின் பெயரைவிட. அந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனிதர் அந்த நூலகத்தில் ஒரு புத்தகத்தை விரித்துப் பார்த்து நான் கண்டதில்லை.

ஓவியம் வந்த கதையைச் சங்கத்தின் ஆண்டு மலரில் வேறு மாதிரி எழுதிவிட்டார்கள். சமூக ஒற்றுமை, தாய்மொழிப் பற்று, தலைவரின் தொலைநோக்கு என்று என்னென்னவோ. என் பெயரையும் ஒரு மூலையில் போட்டு, தமிழுக்காகப் போராடிய சகோதரி என்று வேறு சேர்த்திருந்தார்கள். தமிழுக்காகவாவது மண்ணாங்கட்டிக்காகவாவது. நான் போராடியது என் மாமனார் பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக. அது மட்டும்தான் காரணம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் மாமனாருக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்த பிறகு அங்கே தனியாக எப்படி இருப்பார் என்று என் கணவர் கிரீன் கார்டு அப்ளை பண்ணி இங்கே அழைத்து வந்துவிட்டார். நாங்கள் இருப்பது ஆஸ்டினுக்கு வடக்கே, ரவுண்ட் ராக்கையும் தாண்டி ஒரு சின்ன ஊர். அழைத்து வந்த புண்ணியவான் காலையில் எழுந்து ஆபீசுக்கு ஓடிவிடுவார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள் நான். ஆக, அப்பா அவருக்கு, பகல் எனக்கு.

நான் சென்னைக்காரி, பெரம்பூர். என் மாமனாரின் பேச்சைக் கேட்டு என் தோழிகளெல்லாம் சொக்கிப் போவார்கள். வாய்க்கு வாய் அம்மணி. "எவ்ளோ ஸ்வீட்டா பேசறாருடி!" என்பார்கள். அந்த அம்மணிக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத்தான் தெரியும்.

"அம்மணி, காப்பி ஆறிப்போச்சு."

"அம்மணி, இந்த ஏசியக் கொஞ்சம் கொறைச்சு வெய்யி, காலெல்லாம் வெறைக்குது."

"அம்மணி, அந்த ரிமோட்டு எங்க போச்சுன்னு பாரு."

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன். காலையில் வரிசையாக மீட்டிங் இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் இவர் ஹாலில் உட்கார்ந்து போனில் அரசியல் வீடியோக்களைப் போடுவார். ஒவ்வொரு வீடியோவிலும் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். ஒருநாள் என் மேனேஜர் கேட்டார், உன் வீட்டு வாசலில் ஏதாவது போராட்டம் நடக்கிறதா என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீட்டிங் முடிந்ததும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். காதில் மாட்டினால் காது கெட்டுவிடும் என்று டப்பாவோடு திருப்பிக் கொடுத்தார். கணவரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்றார். இந்த வீட்டில் அட்ஜஸ்ட் என்ற வார்த்தைக்கு என் பெயரைத்தான் வைக்க வேண்டும்.

இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாதவனுக்குப் போக்கிடமே கிடையாது. கடைக்குக்கூட நடந்து போக முடியாது. நல்லவேளை, எங்கள் தெருவின் கடைசியில் ஒரு பூங்கா, பூங்காவைத் தாண்டினால் நகராட்சி நூலகம். ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட்டேன். "மாமா, உள்ள தமிழ் புக் எல்லாம் இருக்கு. பாத்துட்டு இருங்க, மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். தமிழ்ப் புத்தகம் இருப்பதை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். நானும் அதுவரை போய்ப் பார்த்தவள் இல்லை.

நிஜமாகவே இருந்தது. வாசலில் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரை ஒட்டி ஆளுயர அலமாரி ஒன்று. முன்பு அங்கே வேலை பார்த்த ஒரு நூலகர், ஊரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருவதைப் பார்த்துவிட்டு, வீடு வீடாகக் கேட்டு வாங்கி அடுக்கிய புத்தகங்களாம். நாவல்கள், சமையல் புத்தகங்கள், பக்திப் புத்தகங்கள், பைண்டு செய்த பழைய தொடர்கதைகள். மத்தியானம் நான் போனபோது மாமனார் வாசல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் எதுவும் சொல்லாமலே இஸ்திரி போட்ட சட்டை, ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வந்தர்றேன் அம்மணி" என்று நடந்தே கிளம்பிவிட்டார்.

அடேயப்பா, அந்த நிம்மதி! ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அங்கே அவருக்குத் துணையும் கிடைத்துவிட்டது. மகன் வீட்டோடு வந்துவிட்ட ஒரு மதுரைக்கார அங்கிள், மகளின் பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு திருச்சி ஆன்ட்டி. மூன்று பேரும் வார நாட்களில் காலையில் போய் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். என் மீட்டிங்குகள் அமைதியாக நடந்தன. கொஞ்ச நாளில் மேனேஜர், காலைக் கூட்டங்களை நீயே நடத்து என்று என்னிடம் கொடுத்தார். இத்தனை வருடங்களில் முதல்முறையாக.

அப்போதுதான் எங்கள் தலைவருக்கு நகரக் கவுன்சில் தேர்தலில் நிற்கும் ஆசை வந்தது.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொங்கல் விழாவில் பொங்கலைவிட அவர் பேச்சு நீளமாக இருக்கும். யாருக்காவது பொன்னாடை போர்த்த வேண்டுமென்றால் மேடையில் அவர் கைதான் முதலில் நீளும். போட்டோ எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டுதான் போர்த்துவார். அவர் ஒருநாள் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு படத்தைப் போட்டார். நூலகத்தின் உள்சுவரில் பிரம்மாண்டமான ஓவியம், நம் சமூகத்தின் அன்பளிப்பு, எல்லாரும் வந்து ஆதரவு தாருங்கள் என்று எழுதியிருந்தார். குழுவில் கைதட்டல் பொம்மைகளாக வந்து விழுந்தன. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசலுக்கு எதிரே இருக்கிற அதே சுவர். படத்தில் அலமாரியைக் காணோம்.

அந்த அலமாரி போனால் மாமனார் வீட்டில்தான். காலையிலிருந்து மாலை வரை. வீடியோவும் அம்மணியுமாக. என் காலைக் கூட்டங்கள் போனதுபோலத்தான்.

நூலகத்தின் கூட்ட அறையில் கலந்தாலோசனை வைத்தார்கள். போனேன். தலைவர் சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டு வந்திருந்தார். "நம்ம கம்யூனிட்டிக்கு ஒரு விசிபிலிட்டி வேணும்ங்க. இந்த ஊர்ல இவ்ளோ பேர் இருக்கோம், நம்மள யாருக்குத் தெரியுது? உள்ள நுழைஞ்ச உடனே நம்ம ஆர்ட் தெரியணும். அதான் ஐடியா" என்றார்.

"அங்க இருக்கற தமிழ் ஷெல்ஃப் என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"அது ஒரு மேட்டரே இல்ல சிஸ்டர். எங்கயாவது மூவ் பண்ணிடுவாங்க."

நூலகத்தின் பொறுப்பில் இருந்த அமெரிக்க அம்மாள் எங்களோடு உட்கார்ந்திருந்தார். அவர் நேரான பெண்மணி. என் கேள்வி ஆங்கிலத்தில் அவருக்குப் போனதும் பூசி மெழுகாமல் சொன்னார்: வேறு இடம் எதுவும் இல்லை, இந்தப் புத்தகங்களை விலக்கிவிடுவதாகத்தான் திட்டம், ஏனென்றால் இவற்றை யாரும் படிப்பதில்லை.

"யாரும் படிக்கலையா? எங்க மாமனார் தினமும் இங்கதான் இருக்கார்!" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எகிறினேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். உங்கள் மாமனாரை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் இரண்டு கைகளையும் கூப்பி எனக்கு வணக்கம் சொல்வார், வெளிச்சத்துக்காக வந்து உட்கார்ந்து சொந்தப் புத்தகம் ஏதோ படிக்கிறார் என்று நினைத்தேன், என்றார். பிறகு கணக்கு எப்படி என்று விளக்கினார். யாராவது வீட்டுக்கு எடுத்துப் போனால் கணினியில் ஏறும். எடுத்துப் போகாமல் இங்கேயே படிப்பவர்கள் படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். மாலையில் ஊழியர்கள் மேசை மேசையாகப் போய், கிடக்கிற புத்தகங்களைப் பதிவு செய்துவிட்டு அடுக்குவார்கள். அப்படித்தான் எது படிக்கப்படுகிறது என்று தெரியும். தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட மேசையில் கிடந்ததில்லை.

"நான் சொல்லல? நம்ம ஆளுங்க இப்ப எங்கங்க புக் படிக்கறாங்க? எல்லாம் போன்தான்" என்றார் தலைவர், ஏதோ வழக்கில் ஜெயித்துவிட்டவரைப்போல. அவர் தலையில் ஒரு கனமான அகராதியைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் ஒரு மீட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டு நூலகத்துக்குப் போய், தூரத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூன்று பேரையும் கவனித்தேன். திருச்சி ஆன்ட்டி ஒரு தொடர்கதையை முடித்தார். எழுந்தார், அலமாரிக்குப் போனார், எந்தச் சந்திலிருந்து எடுத்தாரோ அதே சந்தில் சொருகினார். அங்கிளும் அப்படியே. என் மாமனார் இன்னும் ஒரு படி மேல். புத்தகத்தை மூடி, அட்டையை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்து, பக்கத்துப் புத்தகத்தோடு மட்டம் பார்த்து உள்ளே தள்ளினார். திரும்பி வந்து நாற்காலியையும் மேசைக்கடியில் நகர்த்தினார். அலமாரியின் பக்கவாட்டிலேயே ஆங்கிலத்தில் அட்டை ஒட்டியிருக்கிறது, படித்ததைத் தயவுசெய்து மேசையில் விடவும் என்று. மூன்று பேருக்கும் ஆங்கிலம் நன்றாகவே படிக்கத் தெரியும். அது வெள்ளைக்காரர்கள் மரியாதைக்குச் சொல்வது, அதற்காக நாம் அப்படியே போட்டுவிட்டு வருவதா என்று நினைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் எடுத்து வர மாட்டார்கள், கறை பட்டுவிடும், தொலைந்துவிடும், பிள்ளைகளுக்குக் கெட்ட பெயர் வரும். இந்த ஒழுங்கினாலேயே அலமாரி போகப்போகிறது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நூலக அம்மாளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோடை விடுமுறைக்கு முன்னால் நூலகக் குழு கூடும், அதுவரை மேசையில் புத்தகங்கள் வரட்டும், நான் அவர்களிடம் பேசுகிறேன், என்றார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தேன். கணவரும் இருந்தார். மாமனார் மோர் சாதத்தை முடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, திங்கக்கிழமைலேர்ந்து புக்கைத் திருப்பி ஷெல்ஃப்ல வைக்காதீங்க. படிச்சு முடிச்சா டேபிள்லயே விட்டுட்டு வந்துடுங்க."

"ஏன் அம்மணி?"

விளக்கினேன். ஓவியம், சுவர், கணக்கு எல்லாவற்றையும். பொறுமையாகத்தான் சொன்னேன், சத்தியமாக. அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அதெப்புடி அம்மணி? படிச்சுப்போட்டு அப்படியே பரப்பி உட்டுட்டு எந்திரிச்சு வர்றதா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"அதான் மாமா அங்க ரூலே."

"என்ன ரூலோ. நாம எடுத்ததை இன்னொருத்தர் பின்னாடியே வந்து எடுத்து வெக்கோணுமா? அந்தம்மா பாவம், நாள் முச்சூடும் நின்னுக்கிட்டே இருக்குது. நான் போட்டதையெல்லாம் பொறுக்கறதுக்கு அது என்ன என்ற வூட்டு வேலைக்காரியா?"

சொல்லிக்கொண்டே கையலம்ப எழுந்துவிட்டார். அவர் எழுந்த இடத்தில் தட்டு அப்படியே இருந்தது. தட்டைச் சுற்றிக் கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, மோர் டம்ளர், பாதி கடித்த அப்பளம். தினமும் இருப்பதுதான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தன் தட்டை அவர் எடுத்ததில்லை. கோபியில் அத்தை எடுத்தார், இங்கே நான் எடுக்கிறேன்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"அப்ப நான் யாரு மாமா?" என்றேன்.

அவர் ஈரக் கையோடு திரும்பினார்.

"அந்தம்மா உங்க புக்கைப் பொறுக்கக் கூடாது, பாவம். நான் உங்க எச்சித் தட்டைப் பொறுக்கலாமா? அவங்களுக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்காங்க மாமா, அந்த வேலைக்கு! எனக்கு யாரு குடுக்கறா? காப்பி ஆறிப்போச்சு, ரிமோட்டக் காணோம், ஏசியக் கொறை. நானும் காலைலேர்ந்து வேலைதான் பாக்கறேன். என்னைப் பாத்து ஒருநாள் பாவம்னு தோணிருக்கா உங்களுக்கு?"

"ஏய், மெதுவா" என்றார் கணவர்.

"நீங்க வாயை மூடுங்க."

மாமனார் கோபப்படவில்லை. ஒரு சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "வூடு வேற அம்மணி. இது நம்முளுது. அது அடுத்தவங்க எடம். அடுத்தவங்க எடத்துல நாமதான் பாத்து நடந்துக்கோணும்."

"நம்மளுதுன்னா? வேலை செய்யறப்ப என்னுது, உக்காந்து சாப்பிடறப்ப உங்களுதா? இது என் வீடு மாமா. நீங்க இங்க வந்து தங்கியிருக்கீங்க. அவ்ளோதான்."

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து தன் தட்டை எடுத்தார். டம்ளரை அதற்குள் வைத்தார். சிதறிக் கிடந்ததை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டார். சிங்க் பக்கம் போய், சக்கையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தட்டோடு நின்றார். நான் போய்க் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவர் மாடிக்குப் போய்விட்டார். கணவர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. பேசாததில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல நூலகத்துக்குக் கிளம்பினார். என் பேச்சைக் கேட்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மத்தியானம் போய்ப் பார்த்தேன். மேசையில் புத்தகங்கள் இருந்தன. ஆனால் அதை மேசையில் கிடப்பது என்று சொல்ல முடியாது. பெரியது கீழே, சிறியது மேலே, முதுகுப் பக்கம் எல்லாம் ஒரே திசையில், ஓரம் பிசகாமல் அடுக்கி வைத்திருந்தார். பரப்பிப் போட அவருக்குக் கை வரவில்லை. மதுரை அங்கிள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க மாமா ஆர்டர்மா. எடுத்து வச்சா திட்டறாரு. மருமக சொல்லிப்போட்டா, அப்படித்தான் செய்யோணும்ங்கறாரு." என் மாமனார் கிளம்பும்போது நூலக அம்மாளிடம் போய் மேசையைக் காட்டிக் கைகூப்பி, "சாரி மேடம்" என்றார். அதன் பிறகும் தினமும் அப்படியே சொன்னாராம்.

மேசையில் தமிழ் தெரிய ஆரம்பித்ததும் நான் எதிர்பார்க்காதது நடந்தது. அலமாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவரை வேறு ஒருவரும் சீண்டாத புத்தகங்கள், மேசையில் அட்டையைக் காட்டியதும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு இளம்பெண், "ஐயோ, தமிழ் புக்கா? இங்கயா?" என்று உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள், வந்து இரண்டு வருடமாகிறது, பேச ஒரு ஆள் இல்லை என்று திருச்சி ஆன்ட்டியிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். சனிக்கிழமைகளில் குழந்தைகளோடு வந்தார்கள். ஆன்ட்டி கதை வாசிக்க, பிள்ளைகள் ஆங்கிலத்தில் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். சில வாரங்களில் அந்த மேசையைச் சுற்றி நாற்காலி பற்றவில்லை.

கூட்டம் சேர்ந்தால் தலைவருக்கு மூக்கு வியர்த்துவிடுமே. வந்தார். மேசையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். அலமாரியைத் தூக்கச் சொன்ன வாய், "இது நம்ம கம்யூனிட்டியோட ஹார்ட்டுங்க" என்றது.

நூலகக் குழு கூடிய அன்று நான் மூன்று நிமிடம் பேசினேன். நூலக அம்மாள் புள்ளிவிவரங்களோடு பேசினார். பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார். அந்த அலமாரிக்காகத் தான் ஆரம்பத்திலிருந்தே பாடுபட்டு வருவதாகச் சொன்னார். என் காதில் புகை வந்தது. ஆனால் வயிற்றெரிச்சலோடு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என் பேச்சுக்காக அவர்கள் அலமாரியை விட்டிருக்க மாட்டார்கள். அந்த அறையில் நாற்காலி இல்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்த ஜனங்களைப் பார்த்துத்தான் குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேரையும் சங்கத்து டீ-ஷர்ட் மாட்டிக் கூட்டிக்கொண்டு வந்தது அந்த மனிதர்தான். நான் கூப்பிட்டால் நாலு பேர் வந்திருந்தால் அதிகம்.

அலமாரி அதே இடத்தில் இருக்கட்டும், ஓவியம் வெளிச்சுவருக்குப் போகட்டும் என்று முடிவானது. வரைய வந்த பெண் சில நாட்கள் அந்த மேசையருகே உட்கார்ந்து படிப்பவர்களைப் பென்சிலால் வரைந்தாள். மேசைக்காரர்கள் ஓவியத்தில் ஏறியது அப்படித்தான். ஓவியத்தைப் பார்க்கவென்று இப்போது வேறு ஊர்களிலிருந்தும் வருகிறார்கள், பார்த்துவிட்டு உள்ளேயும் நுழைகிறார்கள். திறப்பு விழாவில் தலைவர் போர்த்திய பொன்னாடை நூலக அம்மாளின் கண்ணாடியையும் சேர்த்து மூடிவிட்டது. போட்டோவுக்காக அப்படியே நிற்கச் சொன்னார். தேர்தலிலும் ஜெயித்துவிட்டார். நல்லா இருக்கட்டும்.

எனக்கு வேண்டியது கிடைத்தது. அதற்கு மேலேயும் கிடைத்தது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என் மாமனார் தன் தட்டைத் தானே கழுவுகிறார். டம்ளரைத் துடைத்துக் கவிழ்க்கிறார். மேசையில் ஒரு பருக்கை இருக்காது. காலையில் போர்வையை நாலாக மடித்துத் தலையணைமேல் வைத்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறார். ஹெட்போனைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். காப்பி ஆறியிருந்தாலும் குடித்துவிடுகிறார். ஏசி குளிராக இருந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார். "அப்பா எவ்ளோ மாறிட்டார் பாத்தியா!" என்கிறார் என் கணவர் பெருமையாக. "குடுத்து வச்சவடி நீ" என்கிறார்கள் தோழிகள். நானும் ஆமாம் என்கிறேன். நான் கேட்டதில் என்ன தப்பு? இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். யாரும் என்னை நியாயம் கேட்க வர வேண்டாம்.

போன மாதம் ஒரு மத்தியானம் நான் மீட்டிங்கில் இருந்தபோது அழைப்பு மணி அடித்தது. ஏதாவது பார்சலாக இருக்கும், வைத்துவிட்டுப் போவான் என்று விட்டுவிட்டேன். திரும்ப அடிக்கவில்லை. மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது. முடித்துவிட்டு வந்து கதவைத் திறந்தேன். மாமனார் நின்றுகொண்டிருந்தார். டெக்சஸ் வெயில் நேராக வாசலில் அடித்தது. இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சாவி எங்க மாமா? தொலைச்சுட்டீங்களா?"

"இல்ல அம்மணி, இருக்குது." பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"அப்பறம் எதுக்கு இந்த வெயில்ல நிக்கறீங்க? தெறந்துட்டு வர வேண்டியதுதானே?"

அவர் ஷூவைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, வழியை மறைக்காமல் ஓரமாக வைத்தார்.

"வூட்டுக்காரங்க உள்ள இருக்கறப்ப நாமளா தெறந்துக்கிட்டு வர்றது நல்லா இருக்காதுங் அம்மணி."

அதில் குத்தல் இருந்ததா என்று அவர் முகத்தையே பார்த்தேன். குத்தலாக இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கொடுத்திருப்பேன், அது எனக்கு வரும். இல்லை. நூலக அம்மாளிடம் கைகூப்பும்போது இருக்கிற அதே முகம்தான். இது உங்க வீடு மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

"வாங்க, சாப்பாடு எடுத்து வைக்கறேன்" என்றேன்.

"வேண்டாங். நீங்க வேலையப் பாருங்க, நானே போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நான் நகர்ந்து வழிவிடுவதற்காக கால்மிதியில் காத்துக்கொண்டு நின்றார்.